பனரில் சுகமான சீவரத்தினம்

"திரு. சி. சீவரத்தினம் (வயது 68), ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், வலிகாமம். பல ஆண்டுகளாக முழங்கால் வாதத்தால் எழுந்து நிற்கவும் இயலாமல் படுக்கையில் கிடந்தவர். இவர் பார்க்காத வைத்தியர் இல்லை. இன்று தேர்வடம் பிடிக்கிறார்! காரணம்: நடைமீட்சி மூலிகைக் குளிசை."

உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்த விளம்பரப் பனரில் இப்படித்தான் எழுதியிருந்தது. இந்த விபரங்களில் பெயர் சரி. வலிகாமம் என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம். உரும்பிராய் அங்கேதான் இருக்கிறது. மிச்சத்துக்கு வந்தால், சீவரத்தினத்துக்கு வயது அறுபத்தொன்று. அரச உத்தியோகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே ஓய்வு பெறும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. செம்மண்ணில் வெங்காயமும் மரவள்ளியும் செய்பவர். பல்லுப் பிடுங்கப் போனதைத் தவிர அவர் எந்த வைத்தியரிடமும் போனதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் கைபிடியை அமத்திப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் பின்னால் நடக்கிற மனிதனின் முழங்காலில் குறை இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது வைத்தியர் அல்ல, லான்ட்மாஸ்டர்தான்.

பனரில் படங்கள் இரண்டு. 'முன்' என்று எழுதிய படத்தில், உடம்பெல்லாம் மண்ணாக, கண் செருகி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, பார்த்தவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லும்படி சீவரத்தினம் தொங்கிக்கொண்டிருந்தார். 'பின்' என்ற படத்தில் அவரே, நெற்றி நிறையத் திருநீறும் அகன்ற மார்புமாகத் தேர்வடத்தை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு படமும் உண்மையானவை. இரண்டும் ஒரே நாள் காலையில், ஊர்க் கந்தசாமி கோயில் தேரன்று எடுத்தவை. விடியப்புறம் அவர் வெளிவீதியைச் சுற்றிப் பிரதட்டை அடித்திருந்தார். அதாவது, வேட்டியோடு நிலத்தில் கிடந்து உருண்டு கோயிலை வலம்வந்திருந்தார். உருண்டு முடித்த எவரும் 'முன்' படத்தில் இருப்பதுபோலத்தான் இருப்பார்கள். பிறகு கோயில் கிணற்றில் குளித்துவிட்டு வந்து வடத்தைப் பிடித்தார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அவர் உடம்பில் பட்ட ஒரே மருந்து கிணற்றுத் தண்ணீர்.

இந்த அற்புதத்தை நிகழ்த்தியவர் கஜானன். சந்தியில் ஸ்ரூடியோ வைத்துக் கலியாணமும் சாமத்தியவீடும் திருவிழாவும் படம் எடுக்கிற பொடியன். கெட்ட பிள்ளை இல்லை. கொழும்பிலிருந்து ஒரு கொம்பனி அவரை நடைமீட்சிக்கு ஏஜென்ற் ஆக்கியபோது, முதலில் கேட்டது குணமான ஒருவரின் படம். மருந்து அப்போதுதான் வந்து பெட்டிக்குள் இருந்தது. ஒருவரும் இன்னும் விழுங்கவில்லை. குணமானவர் இல்லாமல் மருந்து விற்காது. மருந்து விற்காமல் குணமானவர் வரமாட்டார். இந்தச் சிக்கலைக் கஜானன் தன் கொம்பியூட்டரில் கிடந்த திருவிழாப் படங்களைக் கொண்டு தீர்த்தார். வயதையும் உத்தியோகத்தையும் சேர்த்தது கொம்பனி. யாழ்ப்பாணத்தில் பென்சன்காரர் சொன்னால் எடுபடும் என்பது கொழும்புக்கும் தெரிந்திருக்கிறது.

பனரில் இன்னும் நிறைய இருந்தது. மூட்டுவலி, சீனி வியாதி, பிரஷர், நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் ஒரே குளிசை. பக்கவிளைவு அறவே இல்லை. 'இத்துடன் வேறு மருந்துகள் தேவையில்லை.' அடியில், ஆடு மட்டும் நின்று வாசிக்கக்கூடிய உயரத்தில், 'பலன் ஆளுக்காள் வேறுபடலாம்' என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆடுகள் அந்த மருந்தை வாங்கவில்லை.

முதல்நாள் பனரைப் பார்த்த சீவரத்தினம் கோபிக்கவில்லை. சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றி நின்று இரண்டு படத்தையும் ஆறுதலாகப் பார்த்தார். "பின்னுக்குப் போட்டிருக்கிற படம் வடிவாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிப்பட்டவர். தன்னைப் பற்றி எவரும் பொய் சொல்லலாம், அது தன்னை ஒன்றும் செய்யாது என்ற உறுதி அவருக்கு இருந்தது. பொய் தன்னை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போகும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவருடைய தமக்கை குணலட்சுமி. வேலியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வளவில் வீடு அரைவாசி நின்றது. வேலி முழுதாகப் போயிருந்தது. சீவரத்தினம் ஞாபகத்தை வைத்துக் கதியால் தடிகளை நட்டு வேலியடைத்தார். அவருடைய ஞாபகம் ஒரு முழம் பெரிது என்பது குணலட்சுமியின் வாதம். அந்த ஒரு முழத்தால் வேலி தமக்கையின் பலாமரத்தடிக்கே வந்துவிட்டது. வேலியைத் தன் காணிக்குள் தள்ளி நட்டதை, 'வேலியை அரக்கிப்போட்டான்' என்று தமக்கை கோட்டில் வழக்கு வைத்தார். தமக்கை வழக்காளி, தம்பி எதிராளி. நீதிமன்றம், தீர்ப்பு வரும்வரை இரு பகுதியாரும் வேலியில் கைவைக்கக்கூடாது என்று கட்டளையிட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதற்கிடையில் குணலட்சுமியின் கணவர் காலமானார், சீவரத்தினத்தின் பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், வேலியில் ஓட்டைகள் விழுந்தன. வழக்கில் பெயர் இல்லாதபடியால் கோழியும் நாயும் அவற்றுக்குள்ளால் போய்வந்தன.

இதைக் கேட்டு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தவணை நாளில் இருவரும் ஒரே ஓட்டோவில்தான் கோட்டுக்குப் போவார்கள்; போகிற இடம் ஒன்றுதானே. பலாப்பழம் பழுத்தால் குணலட்சுமி வெட்டி, சுளையில் பாதியை வேலி ஓட்டையால் நீட்டுவார். "உரிமையை விட்டுக் குடுத்ததா நினையாதை" என்பார். "நினைக்கேல்லை" என்று வாங்கிக்கொள்வார் தம்பி.

குணலட்சுமி கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பனர் சொன்ன பென்சன்காரர் அந்தக் குடும்பத்தில் உண்மையில் இவர்தான். மீன்காரன் தராசில் கைவைத்தால் கண்ணிமைக்குமுன் பிடித்துவிடுவார். நில அளவையாளர் அளந்து, ஒப்பமும் முத்திரையும் இட்டு, தம்பி தரப்பு கோட்டில் சமர்ப்பித்த வரைபடத்தை இன்றுவரை நம்பாதவர். சந்தியில் தொங்கிய பனரை நம்பினார். அதிலும் விசேஷம் என்னவென்றால், 'முன்' படத்தின் ஓரத்தில், வெட்டுப்படாமல் தப்பிய ஒரு பெண்ணின் கை செம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை குணலட்சுமியினுடையது. சம்பவ இடத்தில் நின்றவரே சாட்சியத்தை விட்டுவிட்டு விளம்பரத்தை நம்பினார்.

"டேய் சீவா," என்று ஒருநாள் காலை வேலி ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது. "உனக்கு முழங்கால் ஏலாமல் கிடந்ததெண்டு நான் பனரைப் பாத்துத்தானே அறிய வேண்டிக் கிடக்கு. கூடப்பிறந்தவள் ஒருத்தி இஞ்சாலை இருக்கிறாள் எண்ட நினைப்பு இல்லையே?"

"அக்கா, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"இப்ப இல்லை. அதைத்தானே அவங்களும் எழுதியிருக்கிறாங்கள்."

"முந்தியும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு வருசா வருசம் உருளுறாய்?"

சீவரத்தினம் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே ஒரு மறுமொழி இருந்தது. அதைச் சொல்ல முடியாது. நேர்த்திக்கடன் வைத்தவர் அதன் காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் அது பலிக்காது என்பது ஊரின் நம்பிக்கை. ஆகையால் கேட்பதும் இல்லை; கேளாமலே ஊகிப்பதுதான் மரியாதை. கல்லுப்போன்ற உடம்புள்ள மனிதன் வருடம் தவறாமல் ஏன் உருளுகிறான் என்று ஊர் பல காலமாக ஊகித்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்காகத்தான் என்று பனர் வந்து அந்த விடுகதையை அவிழ்த்துவிட்டது. கஜானனுக்கே தெரியாமல் அவர் செய்த பெரிய வேலை அதுதான்.

"பாத்தியே, வாய் அடைச்சுப்போச்சு," என்றார் குணலட்சுமி வெற்றியோடு. "வெக்கப்படாதை. நானும் தொடங்கியிட்டன். கிளினிக்கிலை தாற சீனிக் குளிசையை விட்டிட்டன்."

"என்ன, விட்டிட்டியளோ?"

"வேறை மருந்து தேவையில்லை எண்டு பெரிசா எழுதிக் கிடக்கெல்லே. என்ரை தம்பியே எழும்பி நடந்திருக்கிறான், எனக்கு உந்தச் சீனி என்ன பெரிய காரியமே?"

சீவரத்தினத்துக்குப் பனர் இப்போதுதான் உறைத்தது. தமக்கைக்குச் சீனி வருத்தம் நீண்டகாலமாக உண்டு. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்து, அதை வழக்குத் தவணையைப் போல ஒழுங்காகப் பின்பற்றியபடியால்தான் அவர் வழக்கை நடத்தும் தெம்போடு இருந்தார். அந்தக் குளிசையை இப்போது தன் முகம் நிறுத்திவிட்டது.

நேரே பாமசிக்குப் போனார். பாமசி வைத்திருக்கும் செல்வரட்ணம் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"சீனிக் குளிசையைச் சட்டெண்டு நிப்பாட்டினா என்ன நடக்கும்?"

"சீனி ஏறும். வேறென்ன இறங்குமே? விழுந்து கிடந்தபிறகுதான் சில பேருக்குத் தெரியவரும்."

"அப்ப ஏன்ராப்பா அக்காவுக்கு உந்த நடைமீட்சியை வித்தனி?"

"அவ கேட்டவ, குடுத்தன். கிளினிக் மருந்தை விடாதேங்கோ அக்கா எண்டு சொன்னனான். 'உமக்கு யாவாரம் குறையுமெண்டு பயம்' எண்டுட்டுப் போறா. கிளினிக் மருந்து அரசாங்கம் சும்மா குடுக்கிறது, சீவா. அதிலை எனக்கென்ன யாவாரம்?" செல்வரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "நான் உதைச் சாப்பிடமாட்டன். ஆனா நீ சாப்பிட்டு நல்லாயிட்டாய் எண்டு சனம் சொல்லேக்கை, நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் சாப்பிடேல்லை!"

"அப்பிடியே?" என்றார் செல்வரட்ணம். கேட்ட விதத்தில், அவரும் முழுதாக நம்பவில்லை என்பது தெரிந்தது.

அடுத்தது ஸ்ரூடியோ. கஜானன் எழுந்து நின்று கதிரை கொடுத்தார்.

"அண்ணை, நானே உங்கடை வீட்டை வர இருந்தனான். கொம்பனிக்குச் சரியான சந்தோசம். உங்களை வைச்சு ஒரு வீடியோ எடுப்பமோ?"

"தம்பி, உந்தப் பனரைக் கழட்டு."

"ஏன் அண்ணை, படம் வடிவில்லையே?"

"படம் வடிவுதான். எழுதினது பொய்."

"அண்ணை, நான் பொய் எழுதேல்லை. படுத்துக் கிடந்தது நீங்கள். எழும்பி வடம் பிடிச்சது நீங்கள். நடுவிலை என்ன நடந்ததெண்டு சனம் தங்கடை பாட்டிலை விளங்கிக்கொள்ளுது."

"என்ரை அக்கா சீனிக் குளிசையை நிப்பாட்டியிட்டா."

கஜானன் ஒரு கணம் தடுமாறினார். பிறகு கொம்பனி சொல்லிக்கொடுத்தது கைகொடுத்தது. "முதல்லை கொஞ்சம் தலைசுத்தும் அண்ணை. அது மருந்து உடம்பிலை பிடிக்கிற குணம். பயப்பட வேண்டாமெண்டு அவவுக்கு நானே சொல்லியிருக்கிறன்."

மறுநாள் சீவரத்தினம் பேச்சை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டி, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, சந்தி வேப்பமரத்தில் விறுவிறு என்று ஏறி, பனரின் ஒருபக்கக் கயிற்றை வெட்டினார். சந்தியில் நின்ற சனம் அண்ணாந்து பார்த்தது. கஜானன் ஸ்ரூடியோ வாசலில் நின்று போனில் முழுவதையும் பிடித்தார். பொழுதுபடமுன் பனர் திரும்பக் கட்டப்பட்டது; வீடியோ பேஸ்புக்கில் ஏறியது. '68 வயதில் மரம் ஏறும் ஐயா! படுக்கையில் கிடந்தவர் இன்று!' கத்தியும் வெட்டிய கயிறும் வீடியோவில் இல்லை. கனடாவிலிருந்து ஒருவர், தன் தாயாருக்கு இதை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தார். லண்டனில் இருக்கும் சீவரத்தினத்தின் மகளே, 'அப்பா, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?' என்று அழுகிற முகம் போட்டிருந்தாள்.

உண்மை எடுபடாத இடத்தில் பொய்யைக் கொண்டு பார்க்கலாம் என்று அவர் தீர்மானித்தது இதற்குப் பிறகுதான். வாழ்நாளில் நொண்டியறியாத மனிதன் சந்திவரை நொண்டிக்கொண்டு போனார். மருந்து பொய்யென்று சனம் கண்ணாலேயே காணட்டும் என்பது திட்டம். போகும்போது இடக்கால் இழுபட்டது, வரும்போது வலக்கால். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தேத்தண்ணிக்கடையில் இருந்து ஒரு குரல் மட்டும் அனுதாபத்தோடு வந்தது.

"என்ன சீவாண்ணை, மருந்தை இடையிலை விட்டிட்டியள் போலை?"

அந்தக் கிழமை பாமசியில் நடைமீட்சி முடிந்து, செல்வரட்ணம் புதிதாக எடுப்பித்தார். இடையில் விட்டால் சீவரத்தினத்துக்கு வந்த கதி தங்களுக்கும் வருமென்று வாங்கியவர்கள் இரட்டிப்பாக வாங்கினார்கள். நன்றாக நடந்தால் மருந்தால் நடக்கிறார். நொண்டினால் மருந்தை விட்டதால் நொண்டுகிறார். தர்க்கம் படித்தவர்கள் இப்படியொரு வாதத்தை எப்படி முறிப்பது என்று யோசிக்கலாம். சீவரத்தினம் படித்தது தோட்டம். அவருக்கு நேரமும் இருக்கவில்லை.

வெங்காயத்துக்கு வாய்க்காலில் தண்ணி மாறிக்கொண்டு நின்ற ஒரு காலைப்பொழுதில், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓட்டைக்குள்ளால் பார்த்தார். பலாமரத்தடியில் குணலட்சுமி விழுந்து கிடந்தார். வேலியில் இரண்டு கதியாலைப் பிடுங்கினால் போய்விடலாம். கோட்டுக் கட்டளை நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்துப் பழக்கம் கையைத் தடுத்தது. மண்வெட்டியை எறிந்துவிட்டுப் படலையால் வெளியே வந்து, றோட்டால் சுற்றித் தமக்கையின் வளவுக்கு ஓடினார். வெறுங்காலோடு, சேறு தெறிக்க, அவர் வாழ்நாளில் ஓடாத ஓட்டம்.

"பாரடாப்பா ஓட்டத்தை!" என்றார் மதிலடியில் நின்ற ஒருவர்.

"அண்டைக்கு நொண்டினவரெல்லே? திரும்பக் குளிசை போடுறார் போலை," என்றார் மற்றவர். "நானும் ஒரு போத்தல் எடுக்கத்தான் வேணும்."

குணலட்சுமிக்கு நினைவு இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணி தா, சீவா. நாக்கு ஒட்டுது."

தண்ணீர் கொடுத்தார். "எழும்புங்கோ அக்கா. ஓட்டோ பிடிக்கிறன், ஆசுப்பத்திரிக்குப் போவம்."

"விசரே உனக்கு? உது மருந்து பிடிக்கிற குணமெல்லே. தலை சுத்தும் எண்டு கஜானன் அப்பவே சொன்னவன். உனக்கும் உப்பிடித்தானே இருந்திருக்கும். நீ படுத்துக் கிடந்து எழும்பினனி, நானும் எழும்புவன்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கண் மேலே செருகி மறுபடி கீழே வந்தது.

சீவரத்தினம் பலாமரத்தில் முதுகைச் சாய்த்து அவருக்குப் பக்கத்தில் குந்தினார். கோயில் இருக்கிற திசையை ஒருமுறை பார்த்தார்.

"அக்கா, நான் ஏன் உருளுறன் எண்டு சொல்லட்டே?"

அந்த நிலையிலும் குணலட்சுமி கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லாதை. சொன்னாப் பலிக்காது."

"பலிக்காட்டிப் போகட்டும். வழக்கு வெல்லவேணும் எண்டு வைச்ச நேர்த்தி."

"எந்த வழக்கு?"

"எங்களுக்கு எத்தினை வழக்குக் கிடக்கு? உந்த வேலி வழக்குத்தான்."

குணலட்சுமி முகத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

"எனக்கெதிராயே?"

"ஓம்."

"வருசா வருசமே?"

"வழக்குத் தொடங்கின நாளிலை இருந்து."

குணலட்சுமி தலையை நிமிர்த்தினார். காலையிலிருந்து இல்லாத தெம்பு எங்கிருந்தோ வந்தது. "எனக்கெதிரா நீ கந்தன்ரை வீதியிலை உருண்டுபோட்டுக் கிடக்க, நான் செம்பிலை தண்ணி கொண்டுவந்து தந்தனான். முதுகு மண் தட்டிவிட்டனான். என்ரை தம்பிக்கு என்ன குறையோ எண்டு நிண்டு அழுதனான்!"

"ஓம் அக்கா. அழுதது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் அந்தத் தண்ணியைக் குடிச்சனியே?"

"விடாய்ச்சுக் கிடந்தது."

மரமேறியும் நொண்டியும் ஓடியும் சாதிக்க முடியாததை இந்தப் பேச்சு சாதித்தது. நல்ல செய்தியென்றால் குணலட்சுமி ஆதாரம் கேட்டிருப்பார். தம்பி தனக்கெதிராக உருண்டான் என்பதற்கு அவருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. தம்பியை அவருக்குத் தெரியும். விடுகதைக்கு வேறு விடை வந்ததும், பனரின் விடை தானாகவே விழுந்தது.

"அப்ப முழங்காலிலை ஒண்டும் இல்லை?"

"இல்லை."

"உந்தக் குளிசை?"

"வாயிலையும் வைக்கேல்லை."

"அப்ப ஏன் குந்திக்கொண்டிருக்கிறாய்? ஓட்டோவைக் கூப்பிடு, கெதியா! நான் இதிலை செத்துப்போனா, நீ உருண்டதுக்குப் பலன் கிடைச்சமாதிரியெல்லே முடியும்."

ஆசுப்பத்திரியில் அவரைச் சில நாள் மறித்து வைத்தார்கள். சீனி மிக உயரத்துக்கு ஏறியிருந்தது. இன்னும் பிந்தியிருந்தால் கதை வேறு என்றார்கள். குளிசையை நிறுத்தச் சொன்னது யார் என்று வைத்தியர் கேட்க, குணலட்சுமி கட்டிலில் படுத்தபடி தம்பியை நோக்கி விரலை நீட்டினார். வைத்தியர் சீவரத்தினத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயாவை எங்கேயோ கண்டிருக்கிறேன். மரம் ஏறுகிறவர்தானே?"

வீட்டுக்கு வந்த அடுத்தநாளே இருவரும் ஓட்டோ பிடித்துக் கஜானனின் ஸ்ரூடியோவுக்குப் போனார்கள். இந்தமுறை சீவரத்தினம் குரலை உயர்த்தவில்லை. வழக்காடிப் பழகியவருக்கு வருகிற ஓர் அமைதி உண்டு. அந்த அமைதியோடு கதிரையில் இருந்தார்.

"தம்பி, கோட்டிலை எனக்காக வாதாட ஒரு அப்புக்காத்து இருக்கிறார். அக்காவுக்கு வேறை ஒராள். ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் எதிரெதிராத்தான் நிண்டவை. உன்ரை விசயத்திலை ரெண்டு பேரும் ஒரு பக்கம் நிக்கினமாம்."

"நாங்கள் ஒரு முழத்துக்கே இவ்வளவு காலம் கோட்டுக்குப் போறம்," என்றார் குணலட்சுமி. "உன்ரை பனர் எத்தினை முழம்?"

கஜானன் ஊர்ப்பிள்ளை. அந்தக் குடும்பத்தின் வழக்கு தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். "அம்மா, உங்களோடை கோட்டுக்கு வர என்னாலை ஏலாது. எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை. வழக்கு முடியேக்கை நான் கிழவனாப் போயிருப்பன்," என்றார். பனரைத் தானே ஏறிக் கழற்றினார். மரமேறும் வீடியோவையும் பேஸ்புக்கிலிருந்து எடுத்தார். பனர்த் துணியைச் சீவரத்தினம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், படம் உட்பக்கம் இருக்கும்படி வெங்காயக் குவியலை மூடினார். நல்ல தடித்த துணி, மழைக்கு ஒழுகாது. அந்தப் பனரால் கடைசியில் ஒரு பயனேனும் கிடைத்ததென்றால் இதுதான்.

கொம்பனிக்கு ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் வேறொரு ஊரில், வேறொரு ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், அதே வசனத்தோடு படுக்கையிலிருந்து எழும்பினார்.

அடுத்த தேருக்கும் சீவரத்தினம் பிரதட்டை அடித்தார். நேர்த்தி பலிக்காது என்று அவருக்கு இப்போது நிச்சயம். ஆனாலும் கடன் கடன்தான் என்றார். வெளிவீதி முடிந்து, மண்ணும் வேர்வையுமாகத் தூக்கி நிறுத்தியபோது, குணலட்சுமி வழக்கம்போலச் செம்போடு நின்றார். உடனே நீட்டவில்லை.

"இந்த முறையும் எனக்கெதிராத்தானே?"

"ஓம் அக்கா."

"சரி, குடி."

வழக்கு நடக்கிறது. குணலட்சுமி கிளினிக்குக்குப் போகிறார். தான் தம்பியைவிட ஒருநாளாவது கூடுதலாக உயிரோடு இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம், அதற்குக் குளிசை அவசியம் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகமில்லை. சந்தியில் இன்னமும் சிலர் சீவரத்தினத்தை மறித்து, என்ன மருந்தால் எழும்பினீர்கள் என்று கேட்பதுண்டு. அவர் படுக்கையில் கிடந்தவர் அல்ல. ஒரு குளிசையாலும் எழும்பியவரும் அல்ல. சொன்னால் வழக்குத் தோற்கும் என்று முழுதாக நம்பிய நேர்த்தியை, அந்த வழக்கின் எதிர்ப்பக்கத்துக்கு, பலாமரத்தடியில் குந்தியிருந்து தன் வாயால் சொன்னார்.